சிசிலி டீச்சரும் குடை தைத்த பையன்களும்

வண்டிப்பெரியாருக்கு மேலே, தேயிலைக் காட்டுக்குள் இருக்கிற ஆண்பிள்ளைகள் நடுநிலைப் பள்ளியில் சிசிலி பத்தொன்பது வருடமாகத் தமிழ் டீச்சர். பிறந்ததும் பக்கத்து எஸ்டேட்டில், கூலிக்காரர்களின் லயத்து வரிசை வீட்டில்தான். அம்மா கொழுந்து கிள்ளினாள். அப்பாவுக்குத் தேயிலை ஃபாக்டரியில் வேலை. மூன்று பெண்களில் இவள் ஒருத்திதான் படித்து மேலே வந்தவள்.

பாடம் போக, ஏழாம் வகுப்புப் பையன்களுக்குக் குடை தைக்கவும் சொல்லிக்கொடுப்பாள். வருடந்தோறும் பள்ளிகளுக்கென்று கைத்தொழில் மேளா நடக்கும். நடுவர் கண்ணெதிரே உட்கார்ந்து மூன்று மணி நேரத்தில் முடிந்தமட்டும் பொருள்களைச் செய்து காட்ட வேண்டும். பாதி வருடம் மழை கொட்டுகிற ஊரில் குடையை விட்டால் வேறு என்ன செய்வது என்றுதான் தொடங்கினாள். அவளிடம் பழகிய பையன்கள் உபஜில்லா மேளாவில், அதாவது மாவட்டத்துக்கு முந்தின வட்டார மேளாவில், ஆறு தடவை முதல் பரிசு வாங்கியிருந்தார்கள்.

ஜூன் மாதம், பள்ளி திறந்த இரண்டாம் வாரம், அவள் புருஷன் மரியஜோசப் ஓட்டிவந்த ஜீப் குமுளி ரோட்டில் ஒரு வளைவில் பனிமூட்டத்துக்குள் கவிழ்ந்தது. ஏலக்காய் மூட்டைகளை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தான். சேதி வந்தபோது சிசிலி ஐந்தாம் வகுப்பில் போர்டில் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதிய வரியை முடித்துவிட்டுத்தான் திரும்பினாள். அதை ஊரே பேசியது.

அடக்கத்தின்போதும் அவள் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்றார்கள் சிலர். இப்போது அப்படித்தான் இருக்கும், பின்னால் மொத்தமாக வரும் என்றார்கள் வேறு சிலர். பல்லுக்கு ஊசி போட்டபிறகு கன்னம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்போமே, அதுபோல அவளும் அவ்வப்போது தன்னைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஒன்றும் தெரியவில்லை.

பன்னிரண்டாம் நாள் பள்ளிக்குக் கிளம்பிவிட்டாள். கோயம்புத்தூரில் நர்ஸாக இருக்கும் மகள் ஆன்மேரி போனில் சத்தம் போட்டாள்.

"அதுக்குள்ள என்னம்மா ஸ்கூலு? லீவப் போட்டுட்டு எங்கூட வந்து இரியேன்."

"அங்க வந்து என்ன செய்ய?"

"இங்க என்ன செய்யுத?"

பஸ் வந்துவிட்டது என்று சிசிலி போனை வைத்தாள்.

ஹெட்மாஸ்டர் சங்கையா அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "இந்த வருஷம் குடைய விட்ருவோமா டீச்சர்? உங்களுக்கும் சிரமம்லா."

"எதுக்கு சார்? துணியும் கம்பியும் வந்துட்டுல்லா?"

சாயங்காலம் நாலு மணிக்குமேல் பயிற்சி நடந்தது. முன்பெல்லாம் தையல் கோணினால் காதைத் திருகுவாள், அடுத்த நிமிஷமே சிரித்தும் விடுவாள். இப்போது ஒன்றும் சொல்லாமல் நூலை வெட்டி, துணியைத் திரும்பக் கையில் கொடுத்தாள். பையன்கள் காது திருகலுக்கு இத்தனை பயந்ததில்லை. டிஜோ என்கிற பையனுக்குத்தான் கை நன்றாக ஓடியது. எட்டுத் துண்டுத் துணியையும் சுருக்கமில்லாமல் கம்பியில் ஏற்றிவிடுவான்.

நவம்பரில் குமுளியில் உபஜில்லா மேளா. டீச்சர்மார் ஹாலுக்குள் போகக் கூடாது. சிசிலி ஜன்னலுக்கு வெளியே நின்றாள். இரண்டாவது குடையில் ஊசி டிஜோவின் விரலில் ஆழமாக இறங்கியது. துணியில் ரத்தம் பட்டால் மார்க் போய்விடும். பையன் விரலை வாயில் வைத்து உறிஞ்சினான், சட்டைநுனியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டான், தையலைத் தொடர்ந்தான். மற்ற டீச்சர்கள் "ஐயோ" என்றார்கள். நானும் பதறியிருக்க வேண்டும் என்று சிசிலி நினைத்தாள். நினைக்கத்தான் முடிந்தது.

டிஜோவுக்கு முதலிடம், ஏ கிரேடு. கூட வந்த மற்ற பையன்களுக்கும் ஓவியத்திலும் களிமண் வேலையிலும் பரிசு வந்திருந்தது. திரும்பும்போது வாடகை ஜீப்புக்குள் பையன்கள் பாட்டும் கூத்துமாகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வந்தார்கள். அந்த வளைவு நெருங்கியதும் ஒருவர் விடாமல் வாயை மூடிக்கொண்டார்கள். காலையில் போகும்போதும் இப்படித்தான் இருந்தது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பேசி வைத்திருக்கிறார்கள்.

"ஏம்லே நிறுத்திட்டீங்க?"

கடைசியில் டிஜோதான், "ஒங்க வீட்டு சார் விழுந்த எடம்லா டீச்சர்" என்றான்.

"தெரியும். பாடுங்க."

ஒருத்தன் மெல்ல எடுத்தான். மற்றவர்கள் ஆளுக்கொரு சுருதியில் சேர்ந்துகொண்டார்கள். சிசிலி வெளியே பார்த்தாள். புதிதாகப் போட்ட தடுப்பு, அதற்குக் கீழே தேயிலை, அதற்கும் கீழே பனி. முழுக்கப் பார்த்தாள். ஜீப்பின் கம்பி கைக்குச் சில்லென்று இருந்தது.

மாவட்ட மேளாவில் டிஜோவுக்கு பி கிரேடுதான் கிடைத்தது. அதோடு அந்த வருடக் குடை முடிந்தது.

பிப்ரவரியில் பள்ளி ஆண்டுவிழா. சாதனை அறிக்கை வாசிப்பது எப்போதும் சிசிலிதான். நூறு மீட்டர் ஓட்டம், வினாடி வினா, தமிழ்ச் செய்யுள் ஒப்பித்தல், குடை என்று பெயர் பெயராக வாசித்தாள். குரல் எங்கும் இடறவில்லை. கீழே இறங்கியதும் டிஜோவின் அம்மா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். மகனை நினைத்து அழுகிறாளா, இவளுடைய துக்கத்துக்காக அழுகிறாளா என்று சிசிலிக்குப் பிடிபடவில்லை. அந்தக் கை காய்ப்பு ஏறிச் சூடாக இருந்தது. அழுது ஓயும்வரை கையை இழுக்காமல் நின்றாள்.

ஆன்மேரி மறுபடியும் கூப்பிட்டாள். பரீட்சை முடியட்டும் என்றாள் சிசிலி. பரீட்சை முடிந்தது, லீவும் முடிந்தது, அவள் போகவில்லை.

ஜூனில் புருஷனின் வருடத் திருப்பலி அன்று காலை கோயிலுக்குப் போனாள். கல்லறையில் மெழுகுவர்த்தி மழையில் நிற்கவில்லை. இரண்டு தடவை ஏற்றிப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். அன்றும் அழுகை வரவில்லை. வரும் என்று காத்திருப்பதையும் அவள் எப்போதோ நிறுத்தியிருந்தாள்.

பத்து மணிக்குப் பள்ளிக்கு வந்தாள். குடைக்குப் புதிதாகப் பதினொரு பையன்கள் பேர் கொடுத்திருந்தார்கள். ஊசியில் நூல் கோக்கத் தெரிந்தவன் எவன் என்று கேட்டாள். இரண்டு பேர் கை தூக்கினார்கள்.