தண்ணீர் ஊற்றாதீர்கள், பூக்கும்

அடீனியம் விற்கிறவனுக்குச் செடியை வளர்ப்பது சுலபம். அதை வாங்கிப் போகிறவர்களின் பாசத்தைச் சமாளிப்பதுதான் கஷ்டம். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் நர்சரி வைத்திருந்தேன். தொப்பை விழுந்த மாதிரி அடித்தண்டு, உச்சியில் ரோஸ் நிறப் பூ. தொப்பைக்குள்ளேயே தண்ணீர் சேர்த்து வைத்துக்கொண்டு ஆமை வேகத்தில் வளரும் செடி அது. மேலும் மேலும் ஊற்றினால் அழுகிவிடும். ஊற்றியே செடியைக் கொன்றவர்களே, வாருங்கள், நாமெல்லாம் ஒரே ஜாதி.

மோர்

கோவிலம்பாக்கத்திலிருந்து ஒரு டீச்சர் தொட்டியோடு வந்தார். தண்டை அழுத்தினேன், கனிந்த தக்காளி மாதிரி விரல் உள்ளே போனது. காலையிலும் சாயங்காலமும் ஊற்றியிருக்கிறார். "வாரத்துக்கு ஒரு தடவை போதும்னு சொன்னேனே மேடம்?" என்றேன்.

"சொன்னீங்க சார். ஆனா இந்த வெயில்ல நான் மட்டும் மோர் குடிச்சிக்கிட்டு, அதைப் பார்த்துட்டு எப்படி உட்கார்றது?"

ஆபரேஷன்

ஊரைக் குறை சொல்லி என்ன? ஒரு அடைமழையில் தார்ப்பாய் கிழிந்து, என் தாய்ச்செடியே நனைந்து அழுகிவிட்டது. நர்சரியின் பாதிச் செடிகள் அதிலிருந்து வந்தவை. பிழைத்துவிட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்றைக்கு அது எனக்குத் தெரியாதே! கத்தியைச் சுட்டு, வெள்ளைச் சதை தெரியும்வரை அழுகலை அறுத்தேன். நிழலில் உலர வைத்துவிட்டு அதையே வெறித்துக்கொண்டு நின்றேன். மண் கலக்கும் கன்னியப்பன் பக்கத்தில் வந்தார்.

"செடி பொழைக்குமான்னு அப்பால பாக்கலாம் சார். நீ மொதல்ல போய் ஒரு டீ குடி, உன் மூஞ்சியப் பாத்தாலே பேஜாரா கீது."

பூத்த குற்றம்

பம்மலில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்த ஜாபர் பாய், மனைவி ஆயிஷாவுக்காக ஒரு செடி வாங்கினார். அந்த அம்மா தினமும் கவனித்தும் இலைதான் வந்தது, பூ இல்லை. அதற்குள் அவருக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று பெரிய ஆபரேஷன். பிறகு தாய் வீட்டில் ஓய்வு. பாய் பட்டறைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்ததில் செடி இருந்த மொட்டை மாடிப் பக்கமே போகவில்லை.

உடம்பு தேறி வீடு திரும்பிய ஆயிஷா, சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல மாடி ஏறிப் பார்த்தால், கிளை தெரியாமல் பூ! இன்னொரு செடி வாங்க இருவரும் சேர்ந்து வந்தார்கள். பாய் சிரித்துக்கொண்டே நின்றார். ஆயிஷா என்னிடம் முறையிட்டார்:

"நான் இல்லாதப்பதான் வீடு செழிக்குதுன்னு சொல்லிக் காட்டுறாரு அண்ணா. ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு அழுதது யாருன்னு கேளுங்க!"

இப்படியே கதை கேட்டுக்கொண்டிருந்தால் எப்போது முன்னுக்கு வருவது என்று வீட்டில் கேட்டார்கள். அடீனியம் வளரும் வேகத்தில் வருவேன் என்று சொல்லித் தப்பித்தேன்.