அப்பா நடந்த பாவு

எங்கள் தெருவில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. நெசவுக்காகத் தெரு நீளத்துக்கு நூல்களை நீட்டிக் கட்டிய பாவில் யாரும் ஓர் இழையைக்கூட அறுக்கக் கூடாது. அறுத்தவர் கை விளங்காது என்பார்கள். பந்து விளையாடும்போதுகூட பாவின் அடியில் தவழ்ந்துதான் அந்தப் பக்கம் போவோம். அப்படிப்பட்ட தெருவில் என் அம்மாவே இழை அறுக்கிறாள் என்பதை ஒன்பது வயதில் நான் கண்டுபிடித்தேன்.

எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ, அந்த வருஷம்தான் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. வேலூரில் இரண்டு வாரம் படுத்திருந்துவிட்டு ஆரணிக்குத் திரும்பினார். உப்பைக் குறைக்க வேண்டும், பீடியை விட வேண்டும், காலையில் மெதுவாக நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். முதல் இரண்டையும் அப்பா கேட்டுக்கொண்டார். உப்பில்லாத குழம்பை அவர் முகம் சுளிக்காமல் சாப்பிட்டதைப் பார்த்து எனக்குத்தான் அழுகை வந்தது. நடப்பதற்கு மட்டும் பயம். தறிக்குழியில் நாள் முழுக்க மிதிகட்டையை மிதித்த மனிதர், கட்டிலிலிருந்து வாசலுக்கு வர சுவரைப் பிடித்துக்கொண்டார். ஒரு கை எப்போதும் நெஞ்சின்மேல் இருக்கும். எடுத்தால் உள்ளே ஓடுவது நின்றுவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

போதாததற்கு வெட்கம். எங்கள் ஊரில் அப்போது வேலை இல்லாமல் யாரும் நடப்பதில்லை. அம்மா நச்சரித்து ஒருநாள் அனுப்பிவைத்தாள். நாலு வீடு தாண்டுவதற்குள் நாலு பேர், எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டுவிட்டார்கள். உடம்புக்காக நடக்கிறேன் என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. திரும்பி வந்து படுத்துவிட்டார்.  அன்று மத்தியானம் அம்மா எதிர்வீட்டு மாமியோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை எதிர்வீட்டு மாமா தெருவில் பாவு நீட்டியிருந்தார். எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணா, ஒரு இழை அறுந்து கீது. எனக்குக் கண்ணு சரியா தெரியல. வந்து முடிஞ்சு குடுங்களேன்."

இழை முடிவதில் அப்பாவை அடிக்க ஆள் கிடையாது. சாம்பலைத் தொட்டு இரண்டு விரலால் திரித்தால், முடிந்த இடம் எதுவென்று அவருக்கே தெரியாது. கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா? அன்று அறுந்த இழை எங்கள் வாசலுக்கு நேராக இருந்தது. இரண்டு நாள் கழித்து, பால்காரர் வீட்டெதிரே. அடுத்த வாரம் பாவின் கடைசியில், வேப்பமரத்தடியில். யார் வீட்டுப் பாவானாலும் ஓர் இழை அறுந்தது, போன தடவையைவிடக் கொஞ்சம் தள்ளி. நெஞ்சிலிருந்த கை என்றைக்குக் கீழே இறங்கியது என்று எனக்கு நினைவில்லை. இழை முடிய இரண்டு கையும் வேண்டுமே.

ஒருநாள் விடிகாலையில் பல் தேய்த்துக்கொண்டு நின்றபோதுதான் பார்த்தேன். அம்மா வேப்பமரத்தடியில் குனிந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, பாவில் ஓர் இழையை நகத்தால் கிள்ளினாள்.  யார்மேல் இவளுக்கு என்ன பகை? இரண்டு நாள் அவள் சோறு போடும்போதெல்லாம் அந்தக் கையையே பார்த்தேன், விளங்காமல் போக ஆரம்பித்துவிட்டதா என்று.

தாங்க முடியாமல் மூன்றாம் நாள், அப்பா வேப்பமரத்தடியில் இழை முடிந்துகொண்டிருந்தபோது, அம்மா கிள்ளியதைப் போட்டு உடைத்துவிட்டேன். அப்பா தலையைத் தூக்காமல் திரித்து முடித்தார்.

"தானா அறுந்தா நுனி பிசிறிகினு இருக்கும். இது கிள்ளினது. மொத நாளே தெரியும். அம்மாகிட்ட சொல்லிடாத, சொன்னா நாளைக்குக் கிள்ள மாட்டா."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தப்பைக் கண்டுபிடித்தவரே அதை நடக்கவிடுகிறாரே என்று அப்பாமேலும் கோபம் வந்தது.

ஐப்பசி மழையில் ஒரு வாரம் தெருவில் யாரும் பாவு நீட்டவில்லை. யாரும் கூப்பிட வரவில்லை. ஒருநாள் மழை விட்ட காலையில் அப்பா தானாகவே செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று எதிர்வீட்டு மாமா வழக்கம்போலக் கேட்டார்.

"சும்மா, நடக்கறதுக்குத்தான்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, அப்பா ஆற்றுப்பாலத்துப் பக்கம் நடந்தார்.

அம்மா அவர் திருப்பத்தில் மறையும் வரை வாசலில் நின்றாள். பிறகு உள்ளே வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அவள் அப்படி அழுது நான் பார்த்ததே இல்லை, அப்பாவை வேலூருக்குக் கொண்டுபோன அன்றுகூட. எனக்குத் தாங்கவில்லை. அப்பா சொல்லக் கூடாது என்றதும் மறந்துபோனது. பக்கத்தில் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, என்னால் முடிந்த சமாதானத்தைச் சொன்னேன்.

"அழாதம்மா. மழ விட்டா மறுபடியும் பாவு நீட்டுவாங்க. அப்போ கிள்ளிக்கலாம்."