ஊரணியைச் சுற்றிப் போகும் வழி

பிள்ளை பெற்று அம்மா வீட்டில் இருந்தேன். நான் அழும்போதெல்லாம் கண்ணேறு என்று அம்மா குன்றக்குடித் திருநீறு பூசுவாள்.

அம்மாவோடு பிள்ளைக்குத் தடுப்பூசி போடப் போனபோது நர்ஸம்மா, "புள்ள இருக்கட்டும், நீ எப்படித்தா இருக்கே?" என்றார். அதுவரை என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"இவன ஊரணியில போட்டுருவேனோன்னு பயமா இருக்கு." என் வாயில் இப்படி வந்ததும் பிள்ளையை இறுக அணைத்துக்கொண்டேன்.

"பயப்படாதத்தா, இதுக்கு வைத்தியம் இருக்கு. இப்பவே டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போறேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

அருகில் நின்ற அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். அவளோ பிள்ளையை வாங்கிக்கொண்டு மெல்லச் சொன்னாள்: "உன்னப் பெத்தப்ப எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. ஊரணிப் பக்கமே போகாம சுத்தித்தான் போவேன்."

"யார்ட்டம்மா சொன்னே?"

"யாரு கேட்டா?"

அந்தச் சுற்றுவழி எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். என்னைத் தூக்கிக்கொண்டு அம்மா அதில் தனியாக நடந்திருக்கிறாள்.