கரகம் என் தலைக்கு வந்த விதம்

பேரன் கத்தியை வைத்து அழுத்தியதும் மாட்டுக்கறித் துண்டின் நடுவிலிருந்து இளஞ்சிவப்புச் சாறு கசிந்து தட்டில் பரவியது. சிரம்பானில் ஒரு ஹோட்டலுக்குள் இருந்த இத்தாலிய ஸ்டேக் உணவகம் அது. என் எண்பதாவது பிறந்தநாளுக்காக மகன் அழைத்துப் போயிருந்தான். எனக்கு மட்டும் காளான் போட்ட சாதம்.

"டேய், ஜப்பான்காரன் காலத்துல பட்டினி கிடந்தும் உன் தாத்தா இதைத் தொடல. நீ ஏர்கோன்ல உக்காந்து வெட்டுற" என்றான் மகன்.

மருமகள் சிரித்தாள். "விடுங்க லா. உங்க சின்னத் தாத்தா புத்தி இவனுக்கு வந்திருக்கு."

அந்தச் சின்னத் தாத்தா என் சித்தப்பா. லாபு பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் துரை பங்களாவின் சமையல்காரர். வெள்ளைக்காரத் துரை ஓடிய பிறகு அங்கே ஒரு ஜப்பானிய அதிகாரி வந்து உட்கார்ந்தான். தோட்டக் கூலிகள் குடியிருந்த லயத்தில் நாங்கள் மரவள்ளிக்கிழங்கையே தின்று கிடந்தோம். என் கால்கள் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. அந்த வீக்கத்தில் செத்தவர்களைப் பார்த்திருந்தேன். ரப்பர்ப் பால் வண்டி இழுத்த காளையை அதிகாரிக்காக அறுத்தபோது, மிச்சக் கறியை எலும்போடு சுட்டு, வாழையிலையில் கட்டிக்கொண்டு வந்தார் சித்தப்பா.

"மாடுடா. தெரிஞ்சே தின்னு. உங்கம்மாகிட்ட மூச்சு விடாத."

தின்றேன். இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன்.

லயத்துக்குள் நாய் இழுத்துப் போட்ட மாட்டெலும்பு கங்காணியின் கண்ணில் பட்டுவிட்டது. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் நாள். வருடாவருடம் கரகம் எடுப்பவர் சித்தப்பாதான். கோயில் வாசலில் வைத்து அவரைக் கேட்டார்கள்.

"நான்தாங்க தின்னேன்" என்றார்.

"கூட யாருடா?"

"நான் மட்டுந்தாங்க."

பக்கத்தில்தான் நின்றேன். நிற்கத் தெம்பு தந்ததே அந்தக் கறி. வாய் திறக்கவில்லை. அவரை விலக்கிவிட்டு, படித்த பையன், சுத்தமான பையன் என்று கரகத்தை என் தலையில் வைத்தார்கள். சாகும்வரை அவர் கோயில் வேலிக்கு வெளியே நின்றே கும்பிட்டார். என்னை ஒரு சொல் கேட்டதில்லை. நான் பயந்தேனா, அம்மாவை நினைத்தேனா, கரகத்துக்கு ஆசைப்பட்டேனா? யோசிக்க யோசிக்க ஒன்று மற்றொன்றாக மாறுகிறதே தவிர, விடை கிடைக்கவில்லை.

"நானும் தின்னேன்டா" என்றேன் மகனிடம். "எனக்காகத்தான் சித்தப்பா கொண்டாந்தார். பழிய அவர் ஏத்துக்கிட்டார்."

மகன் என் கையைத் தொட்டான். "களைப்பா இருக்கீங்கப்பா. எதையோ எதோடயோ போட்டுக் குழப்பிக்கிறீங்க. சாப்பிடுங்க."

மருமகள் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினாள். ஒரு கணம் எனக்கே சந்தேகம் வந்தது.

பேரனின் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். "அப்பா!" என்றான் மகன். மெதுவாக மென்று விழுங்கினேன். பிறகு, அந்த மேசையில் யாருக்கும் தெரிந்திராத சித்தப்பாவின் பெயரைச் சொல்லி, முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.