லாரல் புதருக்கு அந்தப்பக்கம் கத்திய குஞ்சு

பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் சத்தம் தாங்க முடியாமல் போனால் தலைமை ஆசிரியர் முதலில் மணியடித்துப் பார்ப்பார். அப்புறம் கை தட்டுவார். கடைசியில் சமையலறைப் பக்கம் திரும்பி, "வெர்னெல், கொஞ்சம்..." என்று இழுப்பார். வெர்னெல் பீன்ஸ் கரண்டியைக் கூடக் கீழே வைக்கமாட்டாள். குஞ்சை அதட்டும் பெட்டை வான்கோழியின் குரல் ஒன்று அவள் தொண்டையிலிருந்து கிளம்பும். அடுத்த நொடி கூடம் மழை ஓய்ந்த மாதிரி ஆகிவிடும்.

அந்த அமைதியும் பிள்ளைகள் தட்டைக் காலி செய்யும்வரைதான். அள்ளிப் போட்டுக்கொண்டு விளையாட ஓடிவிடுவார்கள். வீட்டிலோ புருஷன் ஹார்லனுக்கு ரேடியோவில் பந்தாட்டம் ஓடினால் தட்டில் இருப்பது கறியா கட்டையா என்று தெரியாது. தன் கைச் சமையலை நாலு பேர் உட்கார்ந்து, பேசி, இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவதை வெர்னெல் பார்ப்பது வருஷத்தில் ஒரே நாள், நன்றித் திருநாள் வான்கோழி விருந்தன்று. அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை.

அவள் அப்பா போட்டுவிட்டுப் போன சட்டம் அது: காட்டு வான்கோழியை யார் அடிக்கிறார்களோ அவர்கள் வீட்டில்தான் விருந்து. தம்பி டாய்லும் ஒவ்வொரு வருஷமும் மலையேறத்தான் செய்தான். சளி பிடித்துக்கொண்டு திரும்பிவருவான். இந்த வருஷம் அவன் புது வீடு கட்டியிருந்தான். அவன் மனைவி லோரீன் விருந்துக்கென்றே தங்கக்கரை போட்ட தட்டுகள் வாங்கி அடுக்கியிருப்பதாக ஊரெல்லாம் பேச்சு.

விருந்துக்கு முந்தின நாள் வரை வெர்னெலுக்கு ஒரு இறகுகூட அகப்படவில்லை. அன்று பள்ளிக்கு விடுமுறை. இருட்டோடு எழுந்து துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கடையில உறைஞ்ச வான்கோழி கிடைக்குது. கால ஆட்டாம கெடக்கும். சுடவும் வேணாம்," என்றான் ஹார்லன் போர்வைக்குள்ளிருந்து.

"உனக்கு அதுதான் சரி. ரெண்டு பேரும் ஒரே மாதிரி கெடக்கறீங்க."

நாய் பட்டன் ஏற்கனவே வாசற்கதவில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றது. வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளிகள், ஒரு காது மட்டும் முழுக் கறுப்பு. வெர்னெல் கழிப்பறைக்குப் போனாலும் வெளியே காவல் படுக்கும் நாய். வான்கோழிகள் கூட்டமாக இருக்கும்வரை எந்தக் கொம்பனாலும் கிட்டே போக முடியாது. நாய் பாய்ந்து குரைத்து அவற்றை நாலா திசையிலும் சிதறடிக்க வேண்டும். சிதறியவை ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டே அதே இடத்துக்குத் திரும்பும். அங்கே உட்கார்ந்து அவற்றின் பாஷையில் பதில் சொன்னால் துப்பாக்கி முனைக்கே வந்து நிற்கும். நாய் மட்டும் அசையக்கூடாது. அதற்காகவே ஹார்லனின் பழைய கோட்டை வெட்டி வெர்னெல் ஒரு பை தைத்திருந்தாள். பைக்குள் போனால் பட்டனுக்குத் தலை மட்டும்தான் வெளியே.

மலைச்சரிவில் முதலில் கிளம்பியது ஒரு காட்டுக்கோழி. காலடியிலிருந்தே படபடவென்று எழும்பியது. பட்டன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தது. வெர்னெல் துப்பாக்கியைத் தூக்கவில்லை. இங்கே ஒரு வெடி வெடித்தால் வான்கோழிகள் அடுத்த மலைக்குப் போய்விடும்.

ஓக் மரங்கள் நின்ற மேட்டில் பட்டன் காற்றை மோந்தது, பாய்ந்தது. குரைப்பும் இறக்கைச் சத்தமுமாக மேடே அதிர்ந்தது. கூட்டம் சிதறிவிட்டது. நாக்கைத் தொங்கவிட்டபடி திரும்பிவந்த பட்டன் தானாகவே பைக்குள் நுழைந்தது. மான் வேட்டைக் காலம் என்பதால், வேறு வேட்டைக்காரர் யாரும் தவறிச் சுட்டுவிடாதபடி வெர்னெல் ஆரஞ்சுத் துணியைத் தலைக்கு மேல் கிளையில் கட்டிவிட்டு மரத்தில் முதுகைச் சாய்த்தாள்.

காடு அடங்கும்வரை பொறுத்திருந்து தாய்ப் பெட்டையாகக் கூப்பிட்டாள். அடர்ந்த லாரல் புதருக்கு அந்தப்பக்கத்திலிருந்து வழிதவறிய குஞ்சு ஒன்று கீச்சென்று பதில் சொன்னது.

கூப்பிட்டால் பதில் வந்தது. குஞ்சு மட்டும் வரவில்லை. கொஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தையே அடக்கும் குரல் அந்த ஒற்றைக் குஞ்சிடம் எடுபடவில்லை. வெயில் மரத்தடிக்கு இறங்கிவிட்டது. வெர்னெலுக்குக் கால் மரத்துப்போனது. இப்படி ஒரு பிடிவாதக் குஞ்சை அவள் கண்டதே இல்லை.

அப்போது பையின் அடிப்பாகம் தொப்புத் தொப்பென்று தரையில் அடித்தது. பட்டன் வாலை ஆட்டுகிறது. வான்கோழி வாசனைக்குப் பட்டனின் உடம்பு நடுங்கும், ஒருநாளும் வால் ஆடாது. வால் ஆடுவதெல்லாம் மனுஷருக்குத்தான், அதுவும் பன்றிக்கறித் துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரியும் ஒரு மனுஷனுக்கு.

வெர்னெல் பெருமூச்சு விட்டாள். பிறகு வீட்டில் பேசுகிற குரலில், "டாய்ல், வாய்ல இருக்கறதத் துப்பு," என்றாள்.

புதருக்குப் பின்னால் கீச்சுச் சத்தம் பாதியில் அறுந்தது.

"அக்கா?"

"அக்காதான். வேற யாரு, உன்னப் பெத்த வான்கோழியா?"

இலைகளை விலக்கிக்கொண்டு டாய்ல் வந்தான். நாக்கின் மேல் வைத்து ஊதுகிற ரப்பர் தகடு ஒன்று கையில் இருந்தது. வழக்கமாக வான்கோழியைக் கூப்பிட அவன் உரசுவது ஒரு மரப்பெட்டி. அதன் சத்தம் வெர்னெலுக்குத் தூக்கத்திலும் தெரியும். இந்தத் தகடு புதுசு.

"எவ்வளவு நேரமாக் கூப்பிடறேன். வயசான பெட்டை, நம்மகிட்ட மயங்கிடுச்சுன்னு நெனச்சேன்," என்றான்.

"வயசான பெட்டையா? பட்டன் குரைச்சது கேக்கல உனக்கு?"

"நான் அப்போ கீழ ஓடைப் பக்கம் இருந்தேன். தண்ணிச் சத்தத்துல என்ன கேக்கும்?"

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் நிலைமை புரிந்தது. காலை போய்விட்டது, ஒருவர் கையிலும் பறவை இல்லை.

"நல்லாத்தான் கத்துன," என்றாள் வெர்னெல். "உக்காரு. நீ குஞ்சாக் கத்து, நான் தாயாக் கத்தறேன். எது வந்தாலும் அடிச்சவங்க வீட்டுலதான் விருந்து."

ஒரே மரத்தில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தார்கள். நடுவில் பட்டனின் தலை. அக்கா கூப்பிட, தம்பி அழ, அந்தக் குடும்பச் சண்டையை வேடிக்கை பார்க்க வந்தது போல இளஞ்சேவல் ஒன்று நேர் எதிரே வந்து கழுத்தை நீட்டியது. இரண்டு துப்பாக்கியும் ஒன்றாக வெடித்தன. சேவல் விழுந்து எழுந்து சரிவில் ஓடியது. பட்டன் பையோடு சேர்த்தே உருண்டு புரண்டு துரத்திப் பிடித்தது.

"என் குண்டு."

"என்னோடது."

வெர்னெலின் தோட்டாவில் ஈயக்குண்டு பெரியது, டாய்லுடையதில் சிறியது. அறுத்தால் தெரிந்துவிடும். ஆக, வெர்னெல் வீட்டுக் கொல்லையில் ஹார்லன் இறகு பிடுங்கி அறுக்க உட்கார்ந்தான். டாய்ல் காப்பி எடுக்க உள்ளே போயிருந்தான். ஹார்லன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். ஏழெட்டுக் குண்டுகள், எல்லாமே பொடிசு.

"ஒண்ணுகூட உன்னோடதில்ல. சொல்லு, முழுங்கிடறேன்," என்றான் மெதுவாக.

வெர்னெலுக்கு ஒரு கணம் ஆசை வந்தது. புருஷனின் கையைப் பார்த்தாள், அவன் பல்லைப் பார்த்தாள்.

"இருக்கற பல்லையும் ஒடச்சுக்காத," என்று சொல்லிவிட்டு உள்ளே போய் லோரீனுக்குப் போன் செய்தாள். "நாளைக்கு எத்தன மணிக்கு வரணும்?"

விஷயத்தைக் கேட்டதும் மறுமுனையில் சந்தோஷச் சத்தம் வந்தது. கூடவே ஒரு தயக்கம். "அண்ணி, காட்டுப் பறவை நான் சமைச்சதே இல்ல. நீங்க காலையிலயே வந்துடுவீங்கள்ல?"

"மாட்டேன். நெஞ்சு மேல கொழுப்புத் துண்டு பரப்பி மூடி வை, அடிக்கடி திறந்து பாக்காத. நான் சாப்பிட மட்டுந்தான் வருவேன்."

மறுநாள் வெர்னெல் நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு வெறுங்கையோடு போனாள். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். லோரீன் கன்னம் சிவக்க, தங்கக்கரைத் தட்டை முதலில் அவள் முன்தான் வைத்தாள். வைத்துவிட்டு நகராமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வை என்ன கேட்கிறது என்று வெர்னெலுக்குத் தெரியும். கறி காய்ந்து நாராகத்தான் இருந்தது. அவள் நிதானமாக மென்று முடித்து, இரண்டாம் தடவைக்குத் தட்டை நீட்டினாள்.