பவானி அக்கா கடல் பார்க்கப் போனது

போன மாசியில் இறந்துபோன என் அக்கா பவானிக்கு மணலூர்பேட்டையில் அரைக்கிறுக்கு என்று பெயர். களை எடுக்கப் போன இடத்தில் ஒரு குருவி கத்தினால் போதும், களைக்கொத்தியைப் போட்டுவிட்டு அண்ணாந்து நின்றுவிடுவாள். "தை மாசத்துல கடலோரம் எங்கெங்கிருந்தோ பறவைங்க வருதாம்டா. ரெண்டு நாள் போயி பாத்துக்கினு வரணும்" என்று பதினைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தை மாதம்தான் மாமாவுக்கு ஆகாது. அக்கா புருஷன் வெங்கடேசனுக்குக் கரும்புதான் மூத்த தாரம், அக்கா அதற்கு அப்புறம்தான். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு எந்த நாளில் வருமென்று சொல்ல முடியாது. வந்ததும் ஆள் இறக்காவிட்டால் முறை போய்விடும், கரும்பு காய்ந்து எடை குறையும். அதனால் என் கல்யாணத்துக்கே தாலி கட்டுகிற நேரத்துக்குத்தான் வந்து நின்றார் மனுஷன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மார்கழியில் அக்காவின் வயிற்றில் கட்டி என்றார்கள். டாக்டர் மாமாவையும் என்னையும் மட்டும் உள்ளே கூப்பிட்டு, இரண்டு மாதம் தாண்டாது என்றார். மாத்திரையில் கரைந்துவிடும் என்று அக்காவிடம் சொல்லிவைத்தோம். "அவளுக்குத் தெரியக் கூடாது முருகவேலு. தெரிஞ்சா அன்னிக்கே படுத்துடுவா" என்று மாமா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

தை பிறந்ததும் என் காரில் மூவரும் பரங்கிப்பேட்டைக்குப் போனோம். ஆறு கடலில் சேரும் இடத்தில் அக்காவுக்கு நாற்காலி போட்டோம். மாமா கழனியிலிருந்து கொண்டுவந்த மண்புழுவைக் கோத்துத் தூண்டில் போட்டார். அந்த உப்புத் தண்ணீரில் ஒரு மீன்கூட அதைச் சீண்டவில்லை. தலைக்கு மேலே வெள்ளை வெள்ளையாக ஆலாக்கள் வட்டமடித்தன. ஒவ்வொன்றாகத் தண்ணீரில் பாய்ந்து மீனோடு மேலே வந்தன.

"இதுங்க கிட்ட போயி கத்துக்கோங்க" என்று அக்கா மாமாவைக் கிண்டல் செய்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனையோ மாதமாகியிருந்தது.

பத்து மணிக்கு மாமாவின் போன் அடித்தது. வெட்டு மேஸ்திரி பேசினார். உத்தரவு வந்துவிட்டது, நாளைக் காலை ஆள் இறங்குகிறது என்று அவர் சொன்னது எங்களுக்கும் கேட்டது.

அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "கெளம்பலாங்க. இம்மாம் நேரம் பாத்ததே போதும்."

மாமா அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "இந்த வாட்டி எங்க கரும்பு வேணாம்பா. வேற கொல்லைக்குப் போங்க" என்று மேஸ்திரியிடம் சொல்லி போனை வைத்துவிட்டார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. முப்பது வருடத்தில் முதல் தடவையாகக் கரும்பை விட்டுவிட்டு அக்கா பக்கம் நிற்கிறாரே என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் புத்தி.

அக்கா அதற்குப் பிறகு பறவைகளைப் பார்க்கவில்லை. மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் கழித்து, கோபமே இல்லாமல் கேட்டாள்.

"டாக்டரு எவ்ளோ நாளுன்னு சொன்னாருங்க?"