கடலைக் கேட்ட பாட்டு

தமிழில் இரண்டாம் வேற்றுமைக்கு ஐ என்று உருபு வைத்தவர் யாராக இருந்தாலும், அவருக்குப் பாட வராது என்று சத்தியம் செய்வேன். கடல் எவ்வளவு பெரிய சொல். பின்னால் ஓர் ஐ சேர்த்துப் பாருங்கள். கடலை. காகிதப் பொட்டலத்துக்குள் அடங்கிவிடுகிறது.

தொண்ணூறுகளின் நடுவில், கல்லூரியின் கடைசி ஆண்டில், அந்த ஐயோடு நான் பட்ட பாடு இருக்கிறதே! அதற்கு வெகு காலம் முன்பே என் தலைக்குள் இரண்டு பேர் குடியேறியிருந்தார்கள். ஒருவன் தி. நகர் வீட்டுக் கூடத்தில் சின்ன வயதிலிருந்து வயலின் தேய்ப்பவன். இன்னொருவன் பாட நோட்டின் பின்பக்கங்களில் கவிதை கிறுக்குபவன். இருவருக்கும் ஒத்தே வராது. அவன் வில்லை எடுத்தால் இவனுக்கு வரி வரும். இவன் பேனாவை எடுத்தால் அவனுக்குக் கை அரிக்கும். அம்மா அடுக்களையிலிருந்தே தீர்ப்புச் சொல்வாள்: "ஒண்ணு வாசி, இல்ல எழுது. ரெண்டையும் அரைகுறையாப் பண்ணி என் உயிரை வாங்காதே."

இரண்டும் சேர்ந்து நிற்கும் என்று ஒரே ஒரு பாட்டிலாவது காட்டிவிட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். கல்லூரிக் கலைவிழாவில் சொந்த மெட்டு, சொந்த வரி என்று ஒரு போட்டி வைத்தார்கள். விட்டேனா?

மெட்டு என் அடையாறு நண்பனுடையது. கீபோர்டு வைத்திருந்தான், ஆகவே இசையமைப்பாளன். பாடப்போனவள் எங்கள் வகுப்பு மயிலாப்பூர்ப் பெண். பாவாடை கட்டிய வயதிலேயே மேடை ஏறியவள். வரியும் வயலினும் நான். 'தனனா தானா' என்று அவன் வாசித்துக் கொடுத்ததை வாய்க்குள் போட்டுக் குதப்பிக்கொண்டு பெசன்ட் நகர் மணலில் நடந்தேன். ஊரூர் குப்பத்துப் படகுகள் வரை போய்த் திரும்புவதற்குள் முதல் வரி வந்து நின்றது.

கடலைக் கேட்டேன் கரையின் பேரை.

எனக்கே புல்லரித்தது. 'தனனா'வின் 'னா'வில் மெட்டு உச்சிக்கு ஏறி, நீண்டு நின்று, ஒரு மூச்சு எடுத்த பிறகுதான் இறங்கும். அந்த உச்சியில் 'லை' என்று வாய் திறந்து நிற்கலாம். கரைக்கு வந்த நுரை மாதிரி விரியும்.

நண்பன் கேட்டுவிட்டுக் கீபோர்டை அணைத்தான்.

"மச்சி, வறுத்த கடலையா, அவிச்சதா?"

"கடல்டா! கடல் பிளஸ் ஐ."

"ஐயெல்லாம் உனக்குத் தெரியும். ஆடிட்டோரியத்துல கடைசி பெஞ்சுக்குத் தெரியுமா? அவனவன் காலையிலேர்ந்து கேன்டீன்ல கடலை போட்டுட்டு வந்து உக்காந்திருப்பான்."

பையனும் பெண்ணும் வெட்டியாகப் பேசிக்கொண்டே இருப்பதற்குக் கடலை போடுவது என்று அப்போதுதான் ஊரெல்லாம் பேர் வைத்திருந்தது. இதுவும் என் தலையெழுத்து.

"கடலிடம்னு மாத்திக்க மச்சி."

"ம் வந்தா வாய் மூடிக்கும். உச்சியில போய் நின்னுக்கிட்டு வாயை மூடச் சொல்றியா? வயலின் வாசிக்கிறவன் சொல்றேன், கேளு."

பாடுகிறவள் காபியை ஆற்றிக்கொண்டே, "நீங்க ரெண்டு பேரும் அடிச்சிண்டு சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாங்கோ. ஆத்துல தேடுவா" என்றாள்.

நான் ஜெயித்தேன். ஐ நின்றது.

போட்டியன்று மாலை அரங்கம் நிறைந்திருந்தது. "கடலை..." என்று அவள் ஏறி நின்றாள். அப்பழுக்கில்லாத சுரம். என் வில்லும் கூடவே நின்றது. பிறகு அந்த மூச்சு, அந்தச் சின்ன இடைவெளி. அதற்காகவே காத்திருந்ததுபோல் பின்னாலிருந்து ஒரு குரல்.

"எனக்கு ரெண்டு பொட்டலம்!"

அரங்கம் வெடித்தது. இரண்டாம் முறை அதே வரி வந்தபோது எல்லோரும் தயாராக இருந்தார்கள். கடலை... "யார் கூட நைனா?" கடலை... "இன்னா சார், உப்பு கம்மியா கீது!" முன்வரிசையில் நடுவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். என் தாடை நடுங்கியது. தாடைக்குக் கீழே இருந்ததால் வயலினும் நடுங்கியது. யாரைத் திட்டுவது? மெட்டையா, மொழியையா, வேர்க்கடலையைக் கண்டுபிடித்தவனையா?

பல்லவி மறுபடி திரும்பியது. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. "கடலிடம்" என்று பாடினாள்.

பாடி, அந்த ம்-மில் நின்றாள். வாய் மூடியிருந்தது. ஒலி மூடவில்லை. ம்ம்ம் என்று நெற்றிக்குள்ளிருந்து வந்து, மூச்சு எடுக்கவேண்டிய இடத்தையும் விழுங்கிக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டது. கத்துகிறவனுக்கு இடைவெளியே கிடைக்கவில்லை. கடைசி பெஞ்சு அடங்கியது. திறந்த வாயில் நான் வைத்த கடல் பொட்டலமாகிவிட்டது. மூடிய வாயிலிருந்து நிஜக் கடல் வந்துகொண்டிருந்தது. எப்பேர்ப்பட்ட எரிச்சல் தெரியுமா அது?

மேடைக்குப் பின்னால் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"என் வரியை யாரைக் கேட்டு மாத்தினே?"

"கடலையைக் கேட்டுண்டுதான்." தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்: "நீ எழுதினதுலேர்ந்து என்னைக் காப்பாத்திண்டேன். அங்க நின்னுண்டு பாடறவ நான்தானே?"

"நான் அப்பவே சொன்னேன்ல மச்சி" என்றான் நண்பன். உலகத்திலேயே கேவலமான வாக்கியம்.

ஆறுதல் பரிசு கொடுத்தார்கள். அந்தப் பேர் ஒன்று போதாதா, ஆறுதல் கெட?

அடுத்த வாரம் அவள் போன் செய்தாள். "இன்னொரு சரணம் வேணும். எல்லா வரியும் ம்-ல முடியணும். நீ வாயைத் திறந்தா சிரிக்கறா. மூடிண்டு பாடற மாதிரி எழுது."

முடியாது என்று போனை வைத்தேன். வைத்த கையோடு வயலின் பெட்டியைத் திறந்தேன். வயலினை வைத்துக்கொண்டு நான் எழுத உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அந்த உச்சிச் சுரத்தை இழுத்து, இங்கே எந்தச் சொல் நிற்கும் என்று கேட்டேன். வயலினுக்கு வாய் கிடையாது. திறக்கவும் தெரியாது, மூடவும் தெரியாது. ஐ என்று நினைத்து இழுத்தால் ஐ. ம் என்று நினைத்து இழுத்தால் ம். எதைக் கொண்டுபோய் வைத்தாலும் ஆமாம் என்றது. விளக்கேற்றும் நேரம்வரை ஆமாம், ஆமாம், ஆமாம்.

மெட்டுக்கு எழுதுவது எப்போதோ நின்றுவிட்டது. இப்போது எழுதுவது தாளத்துக்கும் அடங்காத, உரைநடையிலும் சேராத ஏதோ ஒன்று. ஐம்பதை நெருங்கியும், ஒரு வரி முடிய மறுக்கும் நாளெல்லாம் வில்லை எடுத்து அதே சுரத்தை இழுத்துக் கேட்கிறேன். அதே ஆமாம். ஒரு தடவையாவது, பாவி, இல்லை என்று சொல்லித் தொலைக்கக் கூடாதா?